"நேத்து இங்க இந்த மரம் இல்லையே!" – ஒளிஞ்சு விளையாடும் கேம்களின் கதை

1/
போன வாரம் ஓபி முடியுற நேரம். ஒரு அம்மா, கூடவே ஒன்பதாவது படிக்கிற பையன். காய்ச்சலுக்குத்தான் வந்தாங்க. மருந்து எழுதி முடிச்சதும் தயங்கித் தயங்கி ஆரம்பிச்சாங்க: "சார், இவன் ராத்திரி பூரா ஒளிஞ்சு ஒளிஞ்சு போய் ஆளைக் கொல்ற கேம் ஆடறான். புத்தி கெட்டுப் போயிடுமா சார்?"

பையன் தலையைக் குனிஞ்சபடியே சொன்னான்: "கொன்னா மார்க் குறையும் சார். யார் கண்ணுலயும் படாம போனாதான் ஃபுல் மார்க்."

அந்த ஒரு வரிதான் இந்த நீளமான இழைக்குக் காரணம். பொறுமையா படிங்க. கடைசியில அந்த அம்மாவுக்குச் சொன்ன பதிலும் இருக்கு.

2/
இந்த வகை விளையாட்டுக்கு ஸ்டெல்த் கேம்னு பேர். மத்த கேம்ல துப்பாக்கி பெருசா இருந்தா ஜெயிக்கலாம். இதுல நாம பலவீனமான ஆளு, எதிராளிங்க நிறைய. நேருக்கு நேர் நின்னா தோல்விதான். அதனால மறைவா நிக்கணும், காத்திருக்கணும், காவலாளி திரும்புற நொடியில நகரணும்.

புதுசா என்ன இருக்கு? நாம தெருவுல ஆடின "ஐஸ் பாய்" இதுதானே! ஆங்கிலத்து 'ஐ ஸ்பை' நம்ம ஊர் தெருவுக்கு வந்து ஐஸ் பாய் ஆகிடுச்சு. திருத்தணி பக்கம் தெலுங்கு பேசுற வீட்டுப் பிள்ளைங்களுக்கு இதுவே 'தாகுடுமூத்தலு'. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி ஆந்திராவுல இருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. எல்லைக்கோடு இடம் மாறினாலும் தூணுக்குப் பின்னாடி ஒளியுறது ரெண்டு மொழியிலயும் ஒண்ணுதான்.

3/
ஐஸ் பாய்ல ஒரு நல்ல விதி இருக்கு, கவனிச்சிருக்கீங்களா? தேடுறவன் கண்ணை மூடிக்கிட்டு சத்தமா எண்ணணும். ஏன் சத்தமா? ஒளியுறவனுக்குத் தனக்கு எவ்வளவு நேரம் பாக்கி இருக்குன்னு தெரியணும்.

அதாவது, தேடுறவனோட நிலை என்னன்னு ஒளியுறவனுக்குத் தெரிஞ்சாதான் ஆட்டம் நியாயம். மாட்டிக்கிட்டா "ச்சே, என் தப்பு"ன்னு தோணணும். "இது அழுகுணி ஆட்டம்"னு தோணிடக் கூடாது. ஒரு ஸ்டெல்த் கேம் நல்லதா கெட்டதான்னு அளக்க எனக்குத் தெரிஞ்ச ஒரே அளவுகோல் இதுதான். இந்த இழை முழுக்க இதை வெச்சுதான் பார்க்கப் போறோம்.

4/
அதுக்கு முன்னாடி எங்க மலைக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம். திருத்தணி முருகனோட ஐந்தாம் படைவீடு. சினம் தணிஞ்ச இடம், வள்ளியை மணந்த இடம்னு மரபு. அந்தக் காதல் கதை நடக்குற இடம் வேலூர் மாவட்டத்து வள்ளிமலை. கச்சியப்ப சிவாசாரியாரோட கந்தபுராணத்துல அந்தப் பகுதி விரிவா வருது.

ஒரு கேம் விளையாடுறவனோட கண்ணால அதைப் படிச்சுப் பாருங்க. தினைப்புனத்துல உயரமான பரண். அதுமேல கவணோட வள்ளி. அவளே ஒரு காவலாளி! கிளி, குருவி எது வந்தாலும் மேலேர்ந்து தெரியும். சுத்தி அவ அப்பா நம்பிராஜனோட வேடர் கூட்டம். உள்ளே நுழையணும், மாட்டக் கூடாது. இதைவிடத் தெளிவா ஒரு 'லெவல்' அமைக்க முடியுமா?

5/
முருகன் வேடனா வேஷம் போட்டு வந்து பேசிக்கிட்டு இருக்கும்போதே நம்பிராஜன் ஆட்களோட வந்துடறார். ஓட வழியில்லை. உடனே வேங்கை மரமா மாறி நின்னுடறார்.

இங்கதான் கதை சுவாரசியமாகுது. வேடர்கள் ஏமாறல. இந்த மரம் முன்னாடி இங்க இல்லையே, எப்படி வந்ததுன்னு சந்தேகப்படுறாங்க. வெட்டிடலாம்னுகூட சிலர் கிளம்பறாங்க. நம்பிராஜன் மகளைக் கேட்கறார். எப்படி வந்ததுன்னு தெரியலன்னு அவ சொல்றா. சரி, உனக்கு நிழலா இருக்கட்டும்னு விட்டுட்டுப் போயிடறார். அப்புறம் முருகன் கிழவனா வர்றப்போ அதே நம்பிராஜன்தான் வரவேற்று உள்ளே விடறார்.

அந்த வேடர்களை நினைவுல வெச்சுக்கோங்க. ஆள் தெரியலன்னாலும் "ஏதோ மாறியிருக்கு"ன்னு கண்டுபிடிச்ச காவலாளிங்க. கம்ப்யூட்டர் காவலாளிக்கு அந்தப் புத்தி வர ரொம்ப நாளாச்சு.

6/
இப்ப கம்ப்யூட்டருக்கு வருவோம். 1979, ஜப்பான். கொமடோர் பெட்னு ஒரு பழைய கம்ப்யூட்டர். அதுக்கு ஹிரோஷி சுஸுகி எழுதின சின்ன கேம் 'மன்பிகி ஷோனென்'. அர்த்தம், கடையில திருடுற பையன். கடைக்காரர் பார்க்காத நேரத்துல பொருளை எடுத்துக்கிட்டு வெளியே வரணும். அவ்வளவுதான் ஆட்டம். ஸ்டெல்த் கேம் வம்சத்துல முதல் தலைமுறைன்னு பலர் இதைத்தான் சொல்றாங்க.

7/
1981, அமெரிக்கா. சைலஸ் வார்னர் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு எழுதின 'காஸில் வுல்ஃபன்ஸ்டைன்'. நாஜிக்களோட கோட்டையில நீங்க கைதி. ரகசியத் திட்டத்தை எடுத்துக்கிட்டு தப்பிக்கணும். குண்டு குறைச்சல், சுட்டா சத்தம் கேட்டு மத்தவன் வந்துடுவான்.

இதுல ஒரு அருமையான விஷயம்: காவலாளியோட சீருடையை எடுத்துப் போட்டுக்கலாம். சாதாரண காவலாளி ஏமாறுவான். எஸ்.எஸ். படைக்காரன் ஏமாற மாட்டான். எல்லாருக்கும் ஒரே கண்ணு இல்ல, யார் பார்க்கறாங்கங்கிறதும் முக்கியம்னு 1981லயே யோசிச்சிருக்காங்க.

8/
1987 ஜூலை, ஜப்பானோட கொனாமி கம்பெனி. 23 வயசு ஹிடியோ கோஜிமாகிட்ட ஒரு போர் கேம் செய்யச் சொல்றாங்க. ஆனா எம்எஸ்எக்ஸ்2 கம்ப்யூட்டர்ல ஒரே நேரத்துல நிறைய எதிரியையும் குண்டையும் திரையில காட்ட முடியாது. படம் மினுமினுக்கும், மறையும்.

சண்டை போட முடியலையா? சண்டையைத் தவிர்க்கறதையே ஆட்டமாக்கிடுவோம்னு அவர் முடிவெடுக்க, பிறந்தது 'மெட்டல் கியர்'. காவலாளி பார்த்துட்டா தலைக்கு மேல ஒரு ஆச்சரியக்குறி! அந்தக் குறி இன்னிக்கு வரைக்கும் உலகப் புகழ்.

வசதி இல்லாத ஆஸ்பத்திரியில வேலை பார்த்த டாக்டருங்களுக்கு இந்தக் கதை புரியும். இல்லாத குறைதான் பல நேரம் புது வழியைக் கத்துக்கொடுக்கும்.

9/
ஆனா அந்த 1987 காவலாளியோட பார்வை நூல் பிடிச்ச மாதிரி நேர்க்கோடு. மூக்குக்கு நேரா இருந்தா தெரியும், அரை அடி தள்ளி நின்னா தெரியாது! 1990ல வந்த ரெண்டாம் பாகத்துல அந்தக் கோடு விரிஞ்சு 45 டிகிரி கூம்பு ஆச்சு. காதும் வந்தது. சத்தம் கேட்டா வந்து பார்ப்பான்.

இந்தக் கூம்புதான் இன்னிக்கும் பெரும்பாலான ஸ்டெல்த் கேமோட அடிப்படை. கேம் வரைபடத்துல டார்ச் வெளிச்சம் மாதிரி ஒரு முக்கோணம் சுத்துமே, அதேதான்.

10/
சரி, டாக்டரா ஒரு கேள்வி. மனுஷக் கண்ணு கூம்பா?

நேரா பார்த்துக்கிட்டு ரெண்டு கையையும் பக்கவாட்டுல நீட்டி விரலை ஆட்டுங்க. ஆடுறது தெரியும். ரெண்டு கண்ணும் சேர்ந்து கிட்டத்தட்ட 180 டிகிரிக்கு மேல பார்க்கும். ஆனா எழுத்து படிக்கிற அளவுக்குத் துல்லியமா தெரியுறது நடுவுல ரெண்டு டிகிரிதான். கையை நீட்டினா கட்டைவிரல் நகம் எவ்வளவு அகலமோ, அவ்வளவு! மீதியெல்லாம் மங்கல். ஓரப் பார்வைக்கு முகம் தெரியாது, அசைவு தெரியும்.

அதனாலதான் ஒளிஞ்சவன் அசையாம இருக்கணும். ஐஸ் பாய்ல மாட்டினவன் பாதி பேர் எட்டிப் பார்த்ததாலதான் மாட்டினான்.

11/
1998. இந்த வரலாற்றுல பொன்னான வருஷம். நிஞ்ஜாவா மறைஞ்சு போற 'டென்ச்சு', பிளேஸ்டேஷன்ல 'மெட்டல் கியர் சாலிட்', கம்ப்யூட்டர்ல 'தீஃப்'. மூணும் ஒரே வருஷம்.

மெட்டல் கியர் சாலிட்ல பனியில நடந்தா கால் தடம் விழும். காவலாளி அதைப் பார்த்துப் பின்னாடியே வருவான். இன்னொண்ணு, தூரத்துல இருக்கறவனைக் குறிபார்க்கும்போது ஹீரோவுக்குக் கை நடுங்கும். அதுக்கு டயஸிபாம் மாத்திரை போட்டுப்பான்! (வீட்டுல யாரும் முயற்சி பண்ணாதீங்க. டாக்டர் சீட்டு இல்லாம தரக்கூடாத மருந்து. நடுக்கம் குறையுதோ இல்லையோ, தூக்கம் வரும், பழகிட்டா விடாது.)

12/
எனக்குப் பிடிச்சது தீஃப். லுக்கிங் கிளாஸ்ங்கற அமெரிக்க நிறுவனம் செஞ்சது. திரைக்குக் கீழே ஒரு சின்ன ரத்தினக்கல். நீங்க வெளிச்சத்துல நின்னா கல்லு பிரகாசிக்கும், இருட்டுல நின்னா மங்கும். "இப்ப நான் அடுத்தவன் கண்ணுக்கு எவ்வளவு தெரியறேன்?" இந்தக் கேள்விக்கு ஒரு மீட்டர்!

தரையும் பேசும். கம்பளத்துல நடந்தா சத்தமே இல்ல. கல்லுல டக்டக். இரும்புத் தட்டுல ஊரே கேட்கும். தண்ணி அம்பு விட்டுத் தீவட்டியை அணைக்கலாம். கஷ்டமான நிலையில ஆடினா மனுஷங்களைக் கொல்லவே கூடாது, கொன்னா தோல்வி. நம்ம பையன் சொன்னானே, அந்த மார்க் கணக்குக்கு மூத்த அண்ணன் இதுதான்.

13/
தீஃப் காவலாளிக்கு ஒரு கூம்பு இல்ல, பல கூம்பு. நேர் எதிர்ல குறுகலா, ரொம்ப கூர்மையா ஒண்ணு. அதைச் சுத்தி அகலமா, மந்தமா மத்தது. நடுப் பார்வை கூர்மை, ஓரப் பார்வை மந்தம்னு மேலே சொன்னேனே, கிட்டத்தட்ட அதேதான்.

அதோட, பார்த்த உடனே மணி அடிக்க மாட்டான். "ஏதோ அசைஞ்ச மாதிரி இருக்கே", "யாரது?", "பிடிங்கடா!"ன்னு சந்தேகம் படிப்படியா ஏறும். எதுவும் இல்லன்னா "எலியா இருக்கும்"ங்கற மாதிரி முணுமுணுத்துட்டுப் போயிடுவான்.

எந்த வாட்ச்மேன் மனசுல நினைக்கறதை வாய்விட்டுச் சொல்லுவார்? யாரும் மாட்டாங்க. ஆனா அவன் வாய்விட்டுச் சொன்னாதான் நமக்கு அவன் நிலை தெரியும். ஐஸ் பாய்ல சத்தமா எண்ணுறதேதான் இது! ஆட்டம் நியாயமா இருக்கறதுக்கு நிஜத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்காங்க.

14/
2002ல 'ஸ்பிளின்டர் செல்' வந்தது. பச்சை விளக்கு மூணு எரியுற இருட்டுக் கண்ணாடி போட்ட ஹீரோ. இருட்டுதான் அவன் ஆயுதம். இதுல ஒரு கண் டாக்டர் சிரிச்சுடுவார். காவலாளி பளிச்னு விளக்கு எரியுற அறையில நிக்கறான், சட்டுன்னு விளக்கு அணையுது. நம்ம கண்ணு இருட்டுக்கு முழுசா பழக 20லேர்ந்து 30 நிமிஷம் ஆகும். முதல் சில நிமிஷம் கிட்டத்தட்ட குருடுதான். ஆனா பெரும்பாலான கேம்ல காவலாளிக்கு இந்தக் கணக்கே கிடையாது.

இருட்டுல பார்க்க உதவுற செல்களுக்கு ராடுனு பேர். ஒரு கண்ணுல சுமார் 12 கோடி. கண்ணோட நட்ட நடுவுல மட்டும் அது இல்ல. அதனாலதான் மங்கலான நட்சத்திரத்தை நேரா பார்த்தா மறையும், கொஞ்சம் தள்ளிப் பார்த்தா தெரியும். ராத்திரி மொட்டைமாடியில சோதிச்சுப் பாருங்க.

15/
அடுத்தது வேஷம். 2000ல டென்மார்க்ல செஞ்ச 'ஹிட்மேன்' இதைத்தான் முதுகெலும்பா வெச்சது. 2018ல வந்த ஹிட்மேன் 2ல மும்பைக்கே ஒரு லெவல் இருக்கு. டெய்லர், வீட்டு வேலைக்காரர்னு வேஷம் மாத்திக்கிட்டே எங்க வேணா நுழையலாம். முருகன் கிழவனா வந்த உத்திதான்.

"இப்படியெல்லாம் நடக்குமா?"ன்னு கேட்கறீங்களா? வெள்ளைக் கோட்டு, கழுத்துல ஸ்டெத். பெரிய ஆஸ்பத்திரியில எத்தனை கதவு தானா திறக்கும்னு எங்களுக்குத் தெரியும். இன்னொரு பக்கமும் இருக்கு. தினமும் வார்டு தரையைத் துடைக்கிற அக்கா பேர் எத்தனை டாக்டருக்குத் தெரியும்? அவங்க வேஷம் போடல. நாமதான் சீருடையைப் பார்த்துட்டு முகத்தை விட்டுடறோம். இந்த கேம் அதை நல்லாப் புரிஞ்சு வெச்சிருக்கு.

16/
இந்தியாவையே களமா வெச்ச ஸ்டெல்த் கேம் உண்டா? உண்டு. 'அசாசின்ஸ் க்ரீட் க்ரோனிகல்ஸ்: இந்தியா', 2016 ஜனவரி. செஞ்சது இங்கிலாந்தோட கிளைமாக்ஸ் ஸ்டூடியோஸ், வெளியிட்டது யூபிசாஃப்ட். கதை நடக்குற வருஷம் 1841. ரஞ்சித் சிங் இறந்து ரெண்டு வருஷம், சீக்கியப் பேரரசு உள்ளுக்குள்ள ஆடிக்கிட்டு இருக்கற நேரம். ஹீரோ அர்பாஸ் மிர், கதையில கோஹினூர் வைரமும் வரும்.

திரையில இடமிருந்து வலமா நகருற ஆட்டம். கண்ணுக்கு விருந்தான வண்ணம். ஒவ்வொரு காவலாளியோட பார்வைக் கூம்பும் திரையிலேயே வரைஞ்சு காட்டப்படும். யாருக்கும் தெரியாம போனா அதிக மார்க், சண்டை போட்டா குறைச்சல்.

17/
நம்ம அளவுகோல்ல வெச்சா? நியாயத்துல இதுக்கு நல்ல மார்க் தரலாம். கூம்பு கண்ணெதிர்லயே இருக்கு. மாட்டினா நம்ம தப்புதான்.

ஆனா கூம்புக்கு ஒரு விரக்கடை தள்ளி நின்னா காவலாளிக்கு நாம காத்து மாதிரி. ஒரு கட்டத்துக்கு மேல மனுஷனை ஏமாத்தற உணர்வு போயிடும். நேரம் பார்த்துத் தாண்டுற கயிறு விளையாட்டு மாதிரி ஆகிடும். நியாயம் முழுசா கிடைச்சா உயிர் போயிடுது, உயிர் முழுசா வந்தா நியாயம் போயிடுது. நாப்பது வருஷத்துக்கு மேல இந்த கேம் வகை இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் கயிறு மேல நடந்துக்கிட்டு இருக்கு.

18/
இப்ப வேங்கை மரத்துக்கு வருவோம். 2004ல தீஃப் மூணாம் பாகம் வந்தது. அதுல காவலாளி உங்களைப் பார்க்கலன்னாலும் பரவாயில்ல. தீவட்டி அணைஞ்சிருந்தா கவனிப்பான். கதவு திறந்திருந்தா கவனிப்பான். மேஜை மேல இருந்த பொருள் காணாம போயிருந்தா தேட ஆரம்பிப்பான்.

"நேத்து இங்க இந்த மரம் இல்லையே!" வள்ளிமலை வேடர்களோட அந்தச் சந்தேகம் ஒருவழியா கம்ப்யூட்டர் காவலாளிக்கும் வந்து சேர்ந்தது. நேர்க்கோட்டுல ஆரம்பிச்சு, கூம்பாகி, காது முளைச்சு, கடைசியா ஞாபகம் வந்திருக்கு. நல்ல காவல்ங்கறது விரிஞ்ச கண்ணு மட்டும் இல்ல. முன்னாடி எப்படி இருந்ததுன்னு தெரிஞ்சு வெச்சிருக்கறது.

19/
ஆனா மனுஷக் காவலாளிகிட்ட இருக்கற பெரிய பலவீனம் கேம்ல இன்னும் சரியா வரல. களைப்பு.

ரெண்டாம் உலகப் போர்ல ரேடார் திரையையே பார்த்துக்கிட்டு இருந்த வீரர்கள் போகப் போக கோட்டை விட்டாங்க. ஏன்னு ஆராய்ஞ்சவர் நார்மன் மெக்வொர்த். ஒரு முள்ளு சீராத் துள்ளித் துள்ளி சுத்தும், எப்பவாவது ஒரு தடவை ரெட்டைத் துள்ளல். அதைக் கண்டுபிடிக்கணும். 1948ல வெளியான முடிவு: அரை மணி நேரம் போனாலே கவனம் சறுக்குது. சோம்பேறித்தனம் இல்ல, மூளையோட இயல்பு. ராத்திரி ஏடிஎம் வாசல்ல உட்கார்ந்திருக்கற வாட்ச்மேன் தாத்தாவைத் திட்டறதுக்கு முன்னாடி இதை நினைச்சுக்கோங்க.

20/
களைப்பு இல்லன்னாலும் தவறும். 1999ல சைமன்ஸ், சாப்ரிஸ்னு ரெண்டு பேர் செஞ்ச சோதனை. பந்து எத்தனை தடவை கைமாறுதுன்னு எண்ணச் சொன்னாங்க. நடுவுல கொரில்லா வேஷத்துல ஒருத்தர் நடந்து போனார். சுமார் பாதி பேர் கண்ணுல அது படவே இல்ல!

"நாங்க டாக்டருங்க, விடமாட்டோம்"னு சொல்லலாமா? 2013ல நுரையீரல் சிடி ஸ்கேன்ல ஒரு கொரில்லா படத்தைச் சேர்த்து 24 ரேடியாலஜிஸ்ட்கிட்ட கொடுத்தாங்க. கட்டி தேடுற மும்முரத்துல 20 பேருக்கு கொரில்லா தெரியல. அதுல பலர் அந்த இடத்தை நேராவே பார்த்திருக்காங்க. கூம்புக்குள்ள இருந்தாலே தெரிஞ்சிடும்ங்கறது கேம் விதி. மனுஷன் அப்படி இல்ல.

21/
இதைப் படிச்ச பிறகு ஸ்டெல்த் கேம்ல என்னை ஹீரோவா நினைக்க முடியல. வார்டுல நான் காவலாளி. ஒளிஞ்சு வர்றது நோய்.

சர்க்கரை நோய் ரொம்ப வருஷமா இருந்தா நரம்பு மரத்துப்போய், மாரடைப்பு நெஞ்சு வலியே இல்லாம வரலாம். "வலி இருக்கா?"ங்கற ஒரே கூம்புக்குள்ள பார்த்தா தப்பிச்சுப் போயிடும். "போன மாசம் மாடி ஏறினவருக்கு இப்ப ஏன் மூச்சு வாங்குது? காரணமே இல்லாம ஏன் இப்படி வேர்க்குது?"ன்னு மாறினதைக் கேட்டாதான் பிடிபடும். வீட்டுல சர்க்கரை இருக்கற பெரியவங்க இருந்தா இதை மனசுல வெச்சுக்கோங்க. திடீர்னு மூச்சு வாங்கினா, வேர்த்துக் கொட்டினா, "வாயு"ன்னு விடாம உடனே இசிஜி எடுங்க.

22/
இப்ப அந்த அம்மாவுக்குச் சொன்ன பதில்.

"அம்மா, கேம் பேரைக் கேட்டு பயப்படாதீங்க. அவன் சொன்னது நிஜம். பொறுமையும் கவனிப்பும் கேட்கற ஆட்டம்தான் அது. வயசுக்கு ஏத்ததான்னு கவர்ல போட்டிருப்பாங்க, அதைப் பாருங்க. ஆனா ராத்திரி பூரா ஆடறது தப்பு. இந்த வயசுக்கு 8லேர்ந்து 10 மணி நேரத் தூக்கம் வேணும்."

2019ல உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறை நோய்ப் பட்டியல்ல சேர்த்தது. எத்தனை மணி நேரம்ங்கறது மட்டும் அளவு இல்ல. நிறுத்த முடியாம போறது, மத்த எல்லாத்தையும்விட கேமே பெருசாகுறது, கெடுதல் தெரிஞ்சும் தொடர்றது. இது பொதுவா ஒரு வருஷமாவது நீடிக்கணும். ஆடற எல்லாப் பிள்ளைக்கும் இந்த முத்திரை குத்தக் கூடாது.

23/
"அப்ப நான் எதைப் பார்க்கணும் சார்?"னு கேட்டாங்க.

"செல்லை மட்டும் பார்க்காதீங்கம்மா. என்ன மாறியிருக்குன்னு பாருங்க. முன்னாடி நல்லா சாப்பிட்டான், இப்ப? முன்னாடி ஃப்ரெண்ட்ஸோட வெளிய போவான், இப்ப? ராத்திரி தூங்காம இருக்கறது கேம் இழுக்கறதாலயா, இல்ல பகல்ல ஏதாவது மனசை அரிக்குதா? மாறியிருந்தா வெட்டறதுக்குக் கிளம்பாதீங்க. நம்பிராஜன் மாதிரி முதல்ல பிள்ளைகிட்ட கேளுங்க. ஒரு நாள் பக்கத்துல உட்கார்ந்து, இது எப்படிடா ஆடணும்னு சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்க."

பையன் அப்பதான் தலையை நிமிர்த்தினான். "அம்மா ஆடினா முதல் காவலாளிகிட்டயே மாட்டிக்குவாங்க சார்."

"மாட்டட்டும்டா. நீ கூட இருந்து சொல்லிக்கொடு. பத்து மணிக்கு ரெண்டு பேரும் படுத்துடணும்."

காய்ச்சல் மருந்து மூணு நாளைக்கு. அவ்வளவுதான்.